ஒன்றுமே கேட்காத பையன்

அவளை எல்லோரும் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். துணிக்கடையின் இரண்டாவது மாடியில் இளவட்டங்களுக்கான உடைகள் தொங்கும் பகுதி, அதன் கோடியில் வரிசையாக நாலு ட்ரையல் ரூம். அந்த நாலுக்கும் அவள்தான் ராணி. உள்ளே எத்தனை உருப்படி போகிறது என்று பார்த்து, அந்த எண் போட்ட பிளாஸ்டிக் வில்லையைக் கையில் கொடுப்பாள். வெளியே வரும்போது அத்தனையும் திரும்பி வந்ததா என்று பார்ப்பாள். வேண்டாம் என்று சுருட்டி எறிந்துவிட்டுப் போனதை உதறி, பட்டன் போட்டு, ஹேங்கரில் மாட்டி, அதனதன் இடத்தில் சேர்ப்பாள். கேட்டால் இதெல்லாம் ஒரு வேலையா என்று தோன்றும். ஒரு நாள் வந்து நின்று பாருங்கள், தெரியும். உட்கார நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் தூங்கிவிடுவாளாம், அந்த மாடியின் மேற்பார்வையாளர் கண்டுபிடித்த ஞானம் அது.

அவளிடம் ஒரு நல்ல குணம் உண்டு. கண்ணாடி முன்னால் நிற்கும் யாரிடமும், கடையில் விற்பனை ஆகவேண்டுமே என்பதற்காக, அழகாக இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டாள். பெண்ணானாலும் பையனானாலும் அவள் கேட்பது ஒன்றுதான். கையைத் தூக்கிப் பார், அக்குளில் பிடிக்கிறதா? கை தூக்கும்போது பிடித்தால் அந்தத் துணி உனக்கானது இல்லை, அவ்வளவுதான் அவள் சாஸ்திரம். வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி அது அவள் வாயிலேயே ஊறிப்போயிருந்தது. தெருவில் யாராவது தோளை லேசாக அசைத்தால்கூட, கையைத் தூக்கிப் பாருங்க என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

இன்னொரு குணமும் உண்டு, அது நல்லதா கெட்டதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். பேச்சு. வாயைத் திறந்தால் மூட மாட்டாள். அந்தப் பேச்சில் முக்கால்வாசி அவளுடைய ஒரே பையனைப் பற்றியதாக இருக்கும்.

ஊரில் பணப்புழக்கம் வற்றியதைச் செய்தித்தாள்காரர்கள் கண்டுபிடிக்கும் முன்பே அந்த ட்ரையல் ரூம் கண்டுபிடித்துவிட்டது. அந்த ஊரில் பாதி வீடுகளுக்குச் சோறு போட்டது மின்விசிறி செய்யும் தொழிற்சாலைதான். அவள் கணவனும் அங்கேதான் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பிரிவில் இருந்தான். முதலில் ஓவர்டைம் போயிற்று. பிறகு ஆர்டர் இல்லை என்றார்கள். பிறகு வாரத்தில் பாதி நாள் வந்தால் போதும், மீதி நாள் வீட்டில் இருங்கள், நிலைமை சரியானதும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். நிலைமையும் சரியாகவில்லை, அவர்களும் சொல்லி அனுப்பவில்லை.

இந்த விஷயத்தில் பெரியவர்கள் கெட்டிக்காரர்கள். கையில் காசு இல்லை என்றால், இந்தக் கடையில் இப்போதெல்லாம் சரக்கே சரியில்லை என்று பழியைக் கடையின் தலையில் போட்டுவிட்டு நடையைக் கட்டுவார்கள். பிள்ளைகளுக்கு அந்தச் சாமர்த்தியம் இன்னும் வரவில்லை. அதனால் எல்லாம் வெளியே தெரிந்தது.

அதற்கு முன்னால் அவர்கள் ஆடின ஆட்டம் என்ன. பள்ளிக்கூடம் விட்டதும் பையும் சீருடையுமாகக் கூட்டமாக ஏறி வருவார்கள். விலைச்சீட்டைத் திருப்பிப் பார்ப்பதே கௌரவக் குறைச்சல். ஒரே மாதிரி டாப்ஸ் ஐந்து பெண்கள் ஐந்து நிறத்தில் எடுப்பார்கள். பையன்கள் ஜீன்ஸ் எடுத்தால், போன மாதம் எடுத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அவர்களைப் பெற்றவர்களாலேயே சொல்ல முடியாது. மடித்து மடித்துக் கண்ணாடியக்காவுக்கு மணிக்கட்டு வலித்தது. ஊதாரிப் பசங்க, காசோட அருமை தெரியாதுங்க என்று வாய்க்குள் முணுமுணுப்பாள்.

அப்புறம் ஒரு நாள் ஒரு பெண் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கண்ணாடியக்கா கவனிக்கிறாளா என்றும் பார்த்தாள். அடுத்தடுத்த வாரங்களில் எல்லோருமே திருப்பிப் பார்த்தார்கள். ஐந்து டாப்ஸ் வாங்கின கூட்டம் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒன்று வாங்கியது. யார் அளவுக்கு வாங்குவது என்று உள்ளே ஒரு மாநாடே நடந்தது. கடைசியில் நடுவாந்திரமாக இருந்தவள் அளவுக்கு எடுத்தார்கள். ஒல்லிக்காரி இடுப்பில் பின் குத்திக்கொள்வாள், குண்டுப்பெண் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். யாருக்கு எந்த வாரம் என்பதையும் அங்கேயே பேசி முடித்தார்கள். கண்ணாடியக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு வில்லையை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு அவர்களைச் ஊதாரிகள் என்று திட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

பிறகு அதுவும் நின்றது. வாங்குவதை விட்டுவிட்டு, போட்டுப் பார்ப்பதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டு உள்ளே போவார்கள், போடுவார்கள், செல்போனில் படம் எடுப்பார்கள், கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். படத்தில் விலைச்சீட்டு தெரிந்துவிட்டால் மானம் போய்விடுமே, அதனால் கையைப் பின்னால் மடக்கிக் கோணிக்கொண்டு நிற்பார்கள். பார்க்கச் சகிக்காமல், சீட்டை எப்படிச் சட்டைக் கைக்குள் மடித்துச் செருகுவது என்று அவளே சொல்லிக் கொடுத்தாள். வெளிச்சம் மூன்றாம் நம்பர் அறையில்தான் நன்றாக விழும் என்பதையும் சொல்லிவைத்தாள். நாளடைவில் போனை வாங்கி அவளே படமும் எடுத்தாள்.

ரோஷக்காரப் பிள்ளைகள், அதையும் சொல்லவேண்டும். சும்மா வந்துவிட்டுச் சும்மா போவது அவர்களுக்கே ஒரு மாதிரியாக இருந்திருக்கும் போல. ஒவ்வொரு தடவையும் கூட்டத்தில் ஒருவர் முறை வைத்துக்கொண்டு ஒரு கைக்குட்டையோ ஒரு ஜோடி காலுறையோ வாங்குவார்கள். அதற்கு டிக்கெட் என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்னிக்கு யாருடா டிக்கெட் என்று படியில் கேட்டுக்கொண்டே வருவது அவள் காதில் விழும். மேற்பார்வையாளருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. இதென்ன கடையா, ஸ்டூடியோவா என்று குதித்தார். பையில் காசு வந்ததும் முதலில் இங்கேதான் வருவார்கள், இப்போது விரட்டினால் எதிர்க்கடைக்குப் போவார்கள் என்று அவள் பதில் சொன்னாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

அந்தக் கூட்டங்களில் ஒன்று அவளுக்கு ரொம்பவும் செல்லம். அதில் ஒரு நெட்டைப் பெண், ஒரு சுருட்டைமுடிப் பையன், இன்னும் இரண்டு மூன்று பேர். பேச்சில் அவளுக்கே ஈடு கொடுப்பார்கள். வீட்டில் கேட்டால் எரிந்து விழுகிறார்கள் அக்கா என்று அவர்கள் புலம்பும்போதெல்லாம் அவள் தன் பையனை எடுத்துவிடுவாள்.

"எம் பையனும் உங்க வயசுதான். அவங்கப்பாவுக்குப் பாதி வேலைன்னு ஆனதிலிருந்து வாயைத் திறந்து ஒண்ணு கேட்டிருப்பானா? தங்கம்னா தங்கம்."

நெட்டைப்பெண் கையெடுத்துக் கும்பிட்டு, அந்தத் தங்கத்தை ஒருநாள் கடைக்குக் கூட்டிவாருங்கள், தரிசனம் பண்ணிக்கொள்கிறோம் என்பாள். அவன் கடைப்பக்கமே வரமாட்டான், அதெல்லாம் அவனுக்குப் பிடிக்காது என்று இவள் இன்னும் ஒரு படி ஏற்றிச் சொல்வாள்.

பொய் இல்லை. ஆனால் அந்தத் தங்கம் பிறக்கும்போதே தங்கமாகப் பிறக்கவில்லை. ஒரு காலத்தில் அவன் கேட்கிற கேள்விக்கு வீடே அதிரும். ஷூ வேண்டும் என்றால் அந்த ஷூதான் வேண்டும், அதே நிறம், அதே பட்டை. வாங்கித் தரவில்லையென்றால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வான். அவன் அப்பா, முடியாது, முடியவே முடியாது, இவன் என்ன மகாராஜாவா என்று வீடு முழுக்க நடந்துகொண்டே கத்துவார். நாலு நாள் கழித்து அந்தப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஏதோ வழியில் கிடந்தது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே வருவார். அப்பனும் மகனும் அப்படி ஒரு நாடகம் போட்டு வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

பாதி நாள் வேலை என்று ஆன வாரத்தோடு அவன் நிறுத்திக்கொண்டான். யாரும் சொல்லவில்லை. ஷூவின் அடி வாய் பிளந்தபோது எங்கிருந்தோ பசை வாங்கி ஒட்டிக்கொண்டான். முடி வெட்டப் போவதில்லை, நண்பன் வெட்டிவிடுகிறானாம். பின்னங்கழுத்தில் படிக்கட்டு கட்டின மாதிரி இருக்கும். வகுப்பில் எல்லோரும் சுற்றுலா போனார்கள், இவன் போகவில்லை. பஸ்ஸில் போனால் தலை சுற்றும் என்றான். என்ன வேண்டும் என்று கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்பான். சாப்பாட்டில் இன்னொரு கரண்டி போடட்டுமா என்றால்கூடப் போதும்மா என்பான்.

அவள் பூரித்துப்போனாள். பெற்ற வயிறு குளிர்ந்தது என்றால் அப்படிக் குளிர்ந்தது. அக்கம்பக்கம், சொந்தக்காரர்கள், ஃபோனில் பேசுகிற நாத்தனார், கடையில் பில் போடுகிற பெண் என்று ஒருவர் விடாமல் சொல்லியாயிற்று. அவன் எதிரிலேயே சொல்வாள். சொல்லும்போது அவன் தலையைக் குனிந்துகொள்வான். கூச்சம், நல்ல பிள்ளைக்கு அதுதான் அழகு என்று அதையும் சேர்த்துச் சொல்வாள். அவள் கணவன் மட்டும் இந்தப் பேச்சு வரும்போது எழுந்து ஜன்னலோரம் போய்விடுவான். வேலையில்லாத நாட்களில் அக்கம்பக்கத்து ரிப்பேர் மின்விசிறிகளை வாங்கிவைத்துப் பிரித்துக்கொண்டிருப்பான். அவன் பேச்சும் அந்த வருஷத்தோடு குறைந்துபோயிருந்தது. ஆண்பிள்ளை, வேலைக் கவலை, தானாகச் சரியாகும் என்று அவள் விட்டுவிட்டாள்.

பள்ளிக்கூடம் முடிகிற சமயம். கடைசி நாளன்று சீருடை வேண்டாம், பிடித்ததைப் போட்டுக்கொண்டு வரலாம், எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். கண்ணாடியக்காவின் நாலு அறையும் நிரம்பி வழிந்தன. வாங்குவோர் கொஞ்சம், போட்டுப் பார்ப்போர் மிச்சம். வீட்டில் பையனிடம் கேட்டாள். அன்றைக்கு நான் போகப்போவதில்லை, அதெல்லாம் வெட்டிக் கூத்து என்றான். அடேயப்பா, இந்த வயசில் என்ன பக்குவம் என்று மறுநாள் கடையில் அதையும் சொன்னாள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் அவளுக்கு விடுமுறை. ஆனால் அவளுக்குப் பதில் நிற்கவேண்டிய பெண், குழந்தைக்குக் காய்ச்சல் என்று மத்தியானம் தகவல் வந்து ஓடிவிட்டாள். மேற்பார்வையாளர் ஃபோன் போட, கண்ணாடியக்கா ஈரத் தலையை முடிந்துகொண்டு கடைக்கு வந்தாள். வந்து பார்த்தால் மலை மாதிரித் துணி குவிந்து கிடக்கிறது. அறைகளுக்குப் பின்னால் ஒரு சந்து, நடுவே மெல்லிய பலகைத் தடுப்பு. திரும்பி வந்த துணிகளை அங்கே வைத்துத்தான் மடிப்பார்கள். வாசலில் கொஞ்ச நேரம் நிற்கச் சொல்லிக் கடை ஆள் ஒருவனை நிறுத்திவிட்டு அவள் சந்துக்குள் போய்க் குவியலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

நெட்டைப்பெண் குரல் கேட்டது. சுருட்டை குரலும் கேட்டது. யாரையோ தள்ளிக்கொண்டு வந்து மூன்றாம் நம்பரில் விட்டார்கள் போலிருந்தது. போடுடா, போட்டுட்டு வெளிய வா, ஒரு படம் எடுத்துக்கலாம் என்று கலாட்டா. அவள் சிரித்துக்கொண்டே ஒரு ஜீன்ஸின் காலை உதறினாள்.

"நல்லாத்தானேடா இருக்கு," என்றான் சுருட்டை. "வீட்டுல கேளேன். ஒரு சட்டைதானே. அடிக்கவா போறாங்க?"

திரைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"அடிச்சாக்கூடப் பரவாயில்லடா. எம் புள்ள ஒண்ணுமே கேக்க மாட்டான்னு அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வச்சிருக்கு. அதைச் சொல்றப்போ மட்டும்தான் அம்மா முகத்துல இப்பல்லாம் சிரிப்பே வருது. நான் போய் எப்படிக் கேக்கறது?"

ஜீன்ஸ் அவள் கையிலேயே நின்றது. அந்தக் குரலை அதன் முதல் அழுகையிலிருந்தே அவள் அறிவாள்.

நெட்டைப்பெண் சிரித்தாள். நம்ம கண்ணாடியக்கா பையன் மாதிரியே இன்னொரு சாமியார் என்றாள். அவளுக்கென்ன தெரியும் பாவம். உள்ளே இருப்பவன் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் பிள்ளைகள் அவனுடைய வகுப்புத்தான்; அங்கே இவர்கள் கண்ணாடியக்காவின் பையனைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தபோதெல்லாம் அவனும் அங்கேதான் உட்கார்ந்திருப்பான், அப்போதும் இப்படித்தான் வாயைத் திறந்திருக்க மாட்டான். அதனால்தான் கடைப்பக்கம் வராமல் இருந்திருக்கிறான். இன்றைக்கு அம்மாவுக்கு விடுமுறை என்று நம்பி வந்திருக்கிறான். இதெல்லாம் அவளுக்கு அங்கே நின்ற நிற்பில் புரிந்தது. இருக்கும் இடம் தெரியாமல் இருந்துவிடலாம், அவன் கழற்றிப் போட்டுவிட்டுப் போகட்டும், பிள்ளைக்கு அவமானம் வேண்டாம் என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றாள்.

நின்றிருப்பாள். ஆனால் அவன், தோளில் இழுக்கிறதோ என்னவோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவ்வளவுதான். இத்தனை வருஷம் பழகின வாய் கேட்குமா?

"கையைத் தூக்கிப் பாரு, அக்குள்ல பிடிக்குதா?"

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. சுருட்டை, அட, அக்கா வந்திருக்காங்க என்றான். அவள் சந்திலிருந்து சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தாள். ரொம்ப நேரம் திரை விலகவில்லை. பிறகு விலகியது.

சட்டை அவனுக்கென்றே தைத்த மாதிரி இருந்தது. அவள் மகன் எப்போது இவ்வளவு அகலமான தோளோடு வளர்ந்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை. வருஷம் முழுக்க யாருடைய தோளுக்கு எது பொருந்தும் என்று பார்த்தவள், இந்தத் தோளைப் பார்க்காமலே இருந்துவிட்டாள். அவன் காதுமடலெல்லாம் சிவந்திருந்தது.

"சும்மா போட்டுப் பாத்தேம்மா," என்றான். "எனக்குப் பிடிக்கல."

அந்த 'அம்மா'வைக் கேட்டு மற்றவர்கள் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நெட்டைப்பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் திரும்ப உள்ளே போனான், தன் பழைய சட்டையில் வந்தான், வில்லையையும் புதுச் சட்டையையும் அவள் கையில் கொடுத்தான், யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனான். டிக்கெட் வாங்க அன்று யாருக்கும் நினைவில்லை.

அவள் மூன்றாம் நம்பருக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதாள். அப்படி ஒரு அழுகை. நல்லவன், நல்லவன் என்று சொல்லியே பெற்ற பிள்ளையின் வாயை அடைத்திருக்கிறாள். அவன் ஆசையை விடவில்லை, அவளுக்காக விழுங்கிக்கொண்டிருந்தான். விழுங்குவதைப் பார்த்து அவள் ஊரைக் கூட்டிக் கைதட்டிக்கொண்டிருந்தாள். என்னைப்போல ஒரு முட்டாள் உண்டா என்று கண்ணாடியைப் பார்த்தே கேட்டாள். வெளியே யாரோ, இந்த ரூம் காலியா என்று கேட்டார்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே வந்து வில்லை கொடுத்தாள்.

அந்தச் சட்டையை ஹேங்கரில் மாட்டினாள். மாட்டின கை அதை விடவில்லை. கடை ஆட்கள் வாங்கினால் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் கழிந்துவிடும். பில் போடும் இடம் வரைக்கும்கூடப் போனாள். அங்கே நின்று யோசித்தாள். கேட்காமலே இதைக் கொண்டுபோய் நீட்டினால் என்ன ஆகும்? அவன் கூனிக் குறுகிப் போவான். அம்மாவைக் கஷ்டப்படுத்திவிட்டேனே என்று அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து இன்னும் நல்லவனாகிவிடுவான். வேண்டாம் சாமி, இன்னும் நல்லவனானால் தாங்காது. அவள் திரும்பி நடந்து சட்டையை அதன் இடத்தில் தொங்கவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவன் மேஜையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கம் புரளவில்லை. அப்பா ஜன்னலோரத்தில் யாருடைய மின்விசிறியையோ கவிழ்த்துப்போட்டு ஸ்க்ரூ கழற்றிக்கொண்டிருந்தார். அவள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"கேளு," என்றாள்.

அவன் நிமிர்ந்தான். ஒன்றும் வேண்டாம்மா, உண்மையிலேயே பிடிக்கவில்லை என்றான்.

"பிடிச்சுதா பிடிக்கலையான்னு நான் கேக்கல. வாயைத் திறந்து கேளு. இல்லைன்னு சொல்றது எங்க வேலைடா. அதை நாங்க பாத்துக்கறோம். கேக்கறது உன் வேலை. அதை ஏன் விட்டே?"

அவன் முகம் கோணியது. பிறகு, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, அந்தச் சட்டை வேணும் என்றான்.

"முடியாது," என்றாள் அவள்.

அவன் திகைத்துப்போனான். நீதானே கேட்கச் சொன்னாய் என்றான். கேட்கத்தான் சொன்னேன், தருகிறேன் என்று எப்போது சொன்னேன் என்றாள் இவள். அவனுக்கு வந்ததே கோபம்! அப்போ எதுக்குக் கேட்கச் சொல்கிறாய் என்று எழுந்து நின்றான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. ஒரு வருஷத்துக் கேள்வி மொத்தமும் அணை உடைந்து வந்தது. ஷூவில் தண்ணீர் புகுகிறது என்றான். பசை ஒட்டி ஒட்டிக் கால் விரல் மரத்துப்போகிறது என்றான். இந்தக் கழுத்தை வைத்துக்கொண்டு வகுப்பில் முன்வரிசையில் உட்கார முடியவில்லை என்றான். பஸ்ஸில் தனக்குத் தலையே சுற்றாது, சுற்றுலாவுக்குப் போக எவ்வளவு ஆசை தெரியுமா என்றான். ஊரெல்லாம் என்னைப் பற்றிப் பேசாதே என்றான். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஷூ அடுத்த மாதம். முடிவெட்ட நாளைக்கே போ. சுற்றுலா போனது போனதுதான், அதற்கு நான் என்ன செய்ய? பேசமாட்டேன், சத்தியமாகப் பேசமாட்டேன். அவன் கத்தக் கத்த அவளுக்கு உள்ளே ஏதோ இளகிக்கொண்டே வந்தது. வீடு மறுபடி வீடு மாதிரி இருந்தது.

சட்டை இல்லாவிட்டால் போகட்டும், பழைய சட்டையிலேயே கடைசி நாளுக்குப் போவேன், போய்ப் படத்தில் நடுவிலேயே நிற்பேன் என்று அவன் சபதம் போட்டான். போ, நில்லு, யார் வேண்டாம் என்றார்கள் என்றாள் அவள். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, சட்டை விஷயத்தை அப்பாவிடமும் கேள் என்றாள்.

அவன் சட்டென்று அடங்கிவிட்டான். ஜன்னல் பக்கம் பார்த்தான். ஸ்க்ரூடிரைவர் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது. அப்பா தலையைத் தூக்கவில்லை, ஆனால் கை அசையாமல் இருந்தது. பையன் அம்மாவைப் பார்த்தான், வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான். அவள் விடவில்லை. போ என்று தலையை அசைத்தாள்.

"அப்பா," என்றான் அவன். "கடைசி நாளுக்கு எல்லாரும் புதுசு போட்டுட்டு வர்றாங்க. எனக்கும் ஒரு சட்டை வேணும்."

அப்பா மின்விசிறியின் இறக்கையைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"இப்ப முடியாதேடா," என்றார்.

உண்மையிலேயே முடியாது என்பதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. முடியாது, முடியவே முடியாது என்று வீடு முழுக்க நடந்து கத்தின காலத்தில் முடிந்துகொண்டிருந்தது. முடியாமல் போன பிறகு, சொல்ல அவருக்கு யாரும் ஒரு சந்தர்ப்பம் கொடுக்கவில்லை. பையன் சரிப்பா என்றான். சொல்லிவிட்டு நகராமல் அங்கேயே நின்றான்.

"ஒரு வருஷமா நீ என்கிட்ட ஒண்ணுமே கேக்கலை," என்றார் அப்பா. "இந்த ஆளுகிட்ட கேட்டு என்ன ஆகப்போகுதுன்னு என்னை விட்டுட்டியோன்னு நினைச்சேன்."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பையனின் நல்ல குணத்தை அவள் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோதெல்லாம் இந்த மனிதன் ஏன் எழுந்து எழுந்து போனான் என்பது. அவள் வாயைத் திறக்கவில்லை. அவள் வாழ்க்கையில் அபூர்வமாக நடக்கிற காரியம் அது. சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைக்கிற சாக்கில் கதவோரமாக நின்றுகொண்டாள்.

பையன் தரையில், அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கழற்றிப் போட்ட ஸ்க்ரூக்களை ஒன்றாகக் குவித்தான். அப்படியெல்லாம் இல்லப்பா என்றான். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

அப்பா துணியைக் கீழே வைத்தார்.

"என்ன கலர்?"

"கருநீலம்பா."

"பட்டனா, அழுத்தினா மூடிக்கிற டிச் வச்சதா?"

டிச் வைத்தது என்றான் அவன். கையை மடித்துவிட்டால் உள்ளே வேறு நிறம் தெரியும் என்றான். மார்பில் இரண்டு பை, ஒன்றில் பேனா செருகத் தனியாக ஒரு இடம் என்றான். தையல் இரட்டையா ஒற்றையா, தோய்த்தால் சாயம் போகுமா, முழுக்கைதானா, அடுத்த வருஷம் போடுகிற மாதிரிக் கொஞ்சம் பெரிதாக இருந்ததா என்று அப்பா ஒவ்வொன்றாக விசாரித்தார். மகன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். வாங்கப்போவதில்லை என்று தெரிந்த அந்தச் சட்டையைப் பற்றி, சோறு வெந்து இறக்கும் வரைக்கும், இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.